பரஸ்தானம்

கிளம்புகிற நாள் அஷ்டமி என்பதால் வசுமதியின் சக்கரப் பெட்டியை அதற்கு முந்தைய நல்ல நாளிலேயே எதிர்வீட்டில் பரஸ்தானம் வைத்தார்கள். நல்ல வேளையில் பெட்டி வாசல் தாண்டிவிட்டால் பயணமும் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இலையுதிர்காலத்து இத்தாலியில், சியெனா நகரில் மூன்று நாள். அதற்காக வாங்கிய கம்பளிக் கோட்டும், மணிக்கூண்டை அவள் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்த ஊர் வரைபடமும் பெட்டிக்குள் இருந்தன. மறுநாளே கணவரின் லீவு ரத்தானது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். பெட்டியை எடுத்துவரப் போனவளை மாமியார் தடுத்தாள். "வெச்ச பெட்டியப் போகாம உள்ள கொண்டு வரக் கூடாதும்மா. அங்கயே இருக்கட்டும்."

இருந்தது. படுக்கையில் கிடக்கும் மாமனாரை விட்டு வருஷக்கணக்காக எங்கும் போகாத ரேணுவின் வீடு அது. சில நாட்களில், சமையலறையில் நிற்கும் வசுமதிக்கு அங்கிருந்து சக்கரம் உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூடத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து பால்கனிக்கு. நடுவில் கொஞ்ச நேரம் நிற்கும், யாரோ எதையோ அண்ணாந்து பார்ப்பதுபோல. மறுபடி உருளும்.

ஒரு மதியம் பொறுக்கமாட்டாமல் வசுமதி போய் மணியை அடித்தாள். கதவு பாதிதான் திறந்தது. சென்னை வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ரேணு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் பெட்டியின் பிடி.

"பெட்டிய எடுத்துக்கட்டுமா, ரேணு?"

உள்ளே மாமனார் இருமினார். ரேணு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு எடுத்துக்குங்கக்கா. மணிக்கூண்டு மட்டும்தான் பாக்கி."