எமில்டாவின் தண்ணீர்ப் பயம்

“தலையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ளை அமத்துவினம். எழும்பேக்கை நீ மோர்மன். பேந்து மாதாவிட்டைத் திரும்பி வரேலாது, சொல்லிப்போட்டன்.”

மேல்மாடி மக்டலீன் சொன்னதுதான். அன்று பிடித்த நடுக்கம் எமில்டாவை விடவில்லை.

கனடாவில், கணவன் வின்சன்ற் வேலைசெய்யும் மிசிசாகா கிடங்கில் வோல்ரர்தான் சூப்பர்வைசர். கிறிஸ்தவத்தில் தனிவழி போன மோர்மன் சமயத்துக்காரர். நீள வார இறுதியில் மனைவி டொறத்தியோடு அமெரிக்காவுக்குள் போய், தங்கள் சமயம் பிறந்த இடங்களைப் பார்க்கப் போகிறாராம். வாகனத்தில் இடமிருக்கிறது, குடும்பத்தோடு வா என்று கூப்பிட்டுவிட்டார்.

“ஏலாது எண்டு சொல்லுங்கோவன்.”

“சூப்பர்வைசருக்கு ஆர் ஏலாது எண்டு சொல்லுறது? சிட்டிசன் எடுத்தும் உந்த எல்லையை நாங்கள் இன்னும் தாண்டேல்லை. சும்மா பாத்திட்டு வருவம், வாரும்.”

வின்சன்றுக்கு எல்லாமே சும்மாதான்.

வழியில் சாப்பிட நிறுத்தினார்கள். தேநீர் வரவில்லை.

“அவை தங்கடை சமயப்படி தேத்தண்ணி தொடமாட்டினமாம்” என்று வின்சன்ற் காதுக்குள் சொன்னான்.

தேத்தண்ணியையே விட்டவர்கள் எதற்கும் துணிந்தவர்கள் என்று எமில்டாவுக்குப் பட்டது.

முதலில் ஒரு தோப்பு, பிறகு ஒரு குன்று. அடிவாரத்து மண்டபத்தில் பெரிய பெரிய படங்கள். கைவண்டி இழுத்துக்கொண்டு பனிக்குள் மேற்கே நடந்த முன்னோடிகளைக் காட்டி வோல்ரர் கண்கலங்கினார். எமில்டா அதைப் பார்க்கவில்லை. பக்கத்து ஞானஸ்நானப் படத்தில், இடுப்பளவு ஆற்றில் ஒருவர் இன்னொருவரை அமத்திக்கொண்டு நின்றார்.

மக்டலீன் பொய் சொல்லவில்லை! ஏழு வயது மகள் றெஜினாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் மோட்டல் கதவைத் தட்டிய டொறத்தியின் கையில் துவாய்.

“நீச்சல் குளம் இருக்கிறது. றெஜினாவைக் கூட்டிப்போகட்டுமா?”

எமில்டா றெஜினாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஓடுது!” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

“எனக்குத் தடிமன் இல்லை மம்மி!” என்று றெஜினா அழுதழுதே நித்திரையானாள். எமில்டா நித்திரை கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வோல்ரர் கோட்டும் ரையுமாக வந்து நின்றார். வாகனம் பெருந்தெருவை விட்டு ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பியது. முன்சீட்டில் இருவரும் ஏதோ குசுகுசுத்தார்கள். ஒரு கல் கட்டடத்தின் பக்கத்தில் வாகனம் நின்றது.

“இஞ்சைதான்! இஞ்சைதான் எங்களை அமத்தப்போகினம்!” எமில்டா றெஜினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “நான் இறங்கன். பிள்ளையையும் விடன். உங்கடை வேலை போனாலும் போகட்டும்!”

வோல்ரர் இறங்கிவந்து கதவைத் திறந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வின்சன்றின் முகம் ஒருமாதிரிப் போனது.

“எமில்டா… உது கத்தோலிக்கக் கோயிலாம். பத்து மணிக்குப் பூசையாம். ராத்திரி மோட்டலிலை விசாரிச்சு வைச்சவராம். தங்களாலை எங்கடை ஞாயிறு பூசை தவறக்கூடாதாம். பூசை முடியுமட்டும் வெளியிலை இருக்கினமாம், தங்கடை ஆராதனையைப் பின்னேரம் பாப்பினமாம்.”

எமில்டாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிதரைப் பார்த்தா இவ்வளவு பயந்தேன் என்று கண் நிறைந்தது.

டொறத்தி அவள் கையைப் பிடித்து இறக்கினாள். எமில்டாவுக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரொறொன்ரோவில் நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்?”

எமில்டா வின்சன்றைப் பார்த்தாள். வின்சன்ற் நிலத்தைப் பார்த்தான். கனடா வந்த நாள் தொட்டு, ஞாயிறென்றால் இருவருக்கும் இரண்டாவது வேலை. தாங்கள் குடியிருக்கும் ரெக்ஸ்டேலில் கோயில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட இருவருக்கும் தெரியாது.