மூடிய கை

சிங்காரவேலுவின் தங்கை வளர்மதிக்குப் பெண் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் கணவன் குணாளன் ஒன்றையே சொன்னான்: "புள்ள கையில காசு மட்டும் வைக்காதீங்க." சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. தாய்மாமன் வெறுங்கையோடு பார்த்துவிட்டுப் போவதா? குணாளன் பிளாஸ்கோடு காபி வாங்கப் போன நேரம், ஐநூறு ரூபாய்த் தாளை நான்காய் மடித்து அந்தப் பிஞ்சுக் கைக்குள் செருகினார். விரல்கள் சட்டென மூடிக்கொண்டன. "அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்ணே," என்றாள் வளர்மதி.

ஒன்பதாம் நாள் அவளே போன் செய்தாள். "இன்னும் கையத் தொறக்கலண்ணே. குளிப்பாட்டுறப்பகூட. நீயே வந்து எடுத்துட்டுப் போயிரு."

அவர் போனபோது குழந்தை தொட்டிலில் விழித்துக் கிடந்தது. அழவில்லை. அவரையே பார்த்தது. "மாமாகிட்ட குடுத்துரு கண்ணு," என்று ஆள்காட்டி விரலால் அந்தக் கையைத் தடவினார். உடனே விரிந்தது. உள்ளே தாள் இல்லை, ஒரு துணுக்குகூட இல்லை. அவர் குனிந்து பார்ப்பதற்குள் கை அவர் விரலைச் சுற்றி மூடிக்கொண்டது. சிரித்தபடி இழுத்தார். பிறகு சிரிக்காமல் இழுத்தார். தொட்டில்தான் கூடவே வந்தது.

வாசலில் நின்ற குணாளன் கோபப்படவில்லை. "நான் சொன்னா யாரு கேக்குறீங்க மச்சான்," என்றபடி உள்ளே வந்தான். தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டான்.

"வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தீங்கல்ல?"