இரண்டாம் கியர் மேல் விழுந்த பழி

ஒரு மோட்டார் சைக்கிளின் இரண்டாம் கியர் கலங்கிப்போயிருந்தது. ஓட்டும்போது அதற்கு மாற்றினாலே கரகரவென்று சத்தம்.

"உன் பல்லு தேஞ்சுபோச்சு தம்பி. இன்னைக்கு உன்னைக் கழற்றி எறியப்போறாங்க" என்றது மூன்றாம் கியர்.

வண்டிக்காரி பிலோமினா வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்தாள். கழற்றத்தான் போகிறாள் என்று நினைத்தது இரண்டாம் கியர். அவளோ எழுந்து, இன்ஜினை முடுக்காமலே வண்டியை லேசாக உருட்டியபடி கியரை மாற்றிப் பார்த்தாள். இரண்டாம் கியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. சத்தமே இல்லாமல் பொருந்தியது!

"பல்லு தேஞ்சிருந்தா இப்பவும் கத்தியிருக்குமே" என்றவள், கிளட்சைப் பிடித்துப் பார்த்தாள். அது தொளதொளவென்று ஆடியது.

"என் கேபிள்தான் தொய்ஞ்சிருக்கு. கியர் மாத்தும்போது நான் இன்ஜினை உன்கிட்டேர்ந்து முழுசா பிரிச்சு விடாததாலதான் நீ கத்தியிருக்கே!" என்று பதறியது கிளட்ச்.

பிலோமினா கேபிளை அளவாக இறுக்கினாள். இன்ஜினை முடுக்கிப் புறப்பட்டாள். வழியில் ஒரு செங்குத்தான மேடு. பாதியிலேயே மூன்றாம் கியர் திணறியது.

"தம்பி, என்னால இழுக்க முடியல. சீக்கிரம் வாடா!"

"இதோ வந்துட்டேன்!"

இரண்டாம் கியர் வழுக்கிக்கொண்டு வந்து பொருந்தி, வண்டியையும் பிலோமினாவையும் ஒரே மூச்சில் மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது.