கவிதையை மட்டும்

தெருமுனையிலேயே ஷாத்லி தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். மனைவியிடம் பல் மருத்துவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதியானதும், பாதாம் பலகாரக் கடையின் பக்கவாட்டுப் படியில் பூனைபோல் ஏறினார்.

கதவைத் திறந்தவர் முன்ஸிஃப் என்ற வழுக்கைத் தலைக்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். பெயர் கேட்டார்.

“ஜலூல். கண்ணாடிக் கடை வச்சிருந்தேன்” என்று ஷாத்லி கூசாமல் புளுகினார்.

“உள்ள வாங்க, உஸ்தாத்.”

வாத்தியார்களைக் கூப்பிடும் மரியாதை தன் நரைத்த மீசைக்குக் கிடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர் உள்ளே போனார். உள்ளே நடந்தது கவிதை எழுதப் பழகும் வகுப்பு.

ஒளிந்து வந்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பத்திரிகையில் முப்பது வருடம் கவிதை விமர்சனம் எழுதியவர் அவர். எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் கோழியை உரிப்பதுபோல் தோல் வேறு, எலும்பு வேறாகப் பிரித்து வைத்துவிடுவார். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. பத்திரிகையில் வந்த படத்தில் தலை நிறைய முடி இருந்ததால், இப்போது யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் வந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மூலம் மனைவி நஜ்வா. கல்யாண நாளன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“ஊர்ல உள்ள கவிஞனெல்லாம் அவனவன் பொண்டாட்டிக்கு எழுதினத நாப்பது வருஷமா எனக்கு விளக்கிச் சொல்லிட்டீங்க. எனக்குன்னு ஒரு வரி உண்டா?”

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவருக்குத்தான் மீன் தொண்டையில் நின்றது.

வகுப்பை நடத்திய ராதியா பள்ளிக்கூட ஆசிரியை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே நடுவயது. இளமையில் கொஞ்சம் எழுதியதாகவும் பிறகு விட்டுவிட்டதாகவும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏன் விட்டீர்கள் என்று ஷாத்லி அக்கறையாக விசாரித்தார். பதிலுக்கு மருந்துக்கடை ஹயாத் எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள்.

அன்று ஹயாத் படகுத்துறையைப் பற்றி ஒரு கவிதை வாசித்தாள். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் ஷாத்லி நினைத்திருந்தார். முடியவில்லை. மூன்றாம் வரியில் படகு ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று ஆரம்பித்தவர், தேநீர் ஆறிப்போகும்வரை பேசினார். கண்ணாடிக் கடைக்காரன் இவ்வளவு பேசுவானா என்று பாதியில் அவருக்கே உறைத்தது. நல்லவேளையாக, யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் முறை வந்தது. எழுந்து நின்று, இந்தக் கவிதையில் வரும் நிலா உண்மையில் நிலா அல்ல என்று தொடங்கினார். ராதியா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“விளக்கம் வேண்டாம். கவிதைய மட்டும் வாசிங்க.”

வாசித்தார். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் தன் கவிதைக்கு விமர்சனம் எழுதிப் பார்த்தார். விமர்சனம் அருமையாக வந்தது. அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

இருந்தாலும் விடாமல் போனார். கவிதையிலிருந்து நிலாவைத் தூக்கினார், பாலைவனத்தைத் தூக்கினார், புண்பட்ட இதயத்தையும் தூக்கினார். இப்படிப் போனால் வாயில் ஒரு பல்கூட மிஞ்சாது என்று நஜ்வா கேலி செய்தாள்.

கடைசியில் ஒரு மாலை, எந்த முன்னுரையும் இல்லாமல் ஷாத்லி எழுந்து வாசித்தார்.

“நான் தூங்கியபின்
என் மார்பிலிருந்து புத்தகத்தை எடுத்து
பக்கத்தை மடித்து வைக்கிறாய்.
நான் விட்ட இடம்
உனக்குத்தான் தெரியும்.”

மார்பு இங்கே எதைக் குறிக்கிறது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹயாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள் ராதியா.

வீட்டுக்குப் போனதும் இதை நஜ்வாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்று முதன்முறையாக அவருக்குத் துணிச்சல் வந்தது. அந்தத் துணிச்சலிலேயே தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என் பேரு ஜலூல் இல்ல, ஷாத்லி. பத்திரிகையில விமர்சனம் எழுதினவன். எழுதத் தெரியாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன். போகச் சொன்னா போயிடறேன்.”

முதல் நாள் அவர் படியேறி வந்தபோதே எல்லாருக்கும் தெரியும் என்றாள் ராதியா. ஷாத்லிக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்தும் ஏன் சேர்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

“எழுதறதுன்னா என்ன பாடுன்னு நீங்களும் பட்டுப் பாக்கட்டும்னுதான்” என்றாள் ராதியா.

முன்ஸிஃப் தன் நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார்.

“உங்க விமர்சனத்தப் படிச்சிட்டு எழுதறதயே விட்டவங்கதான் நாங்க எல்லாரும்.”