பச்சரிசி டப்பா

சுரங்கப்பாதை வெள்ளத்திலிருந்து செவ்வந்தியின் உடலை எடுத்தபோது போனும் அவள் கைப்பையிலேயே இருந்தது. மருத்துவமனையில் அதை அவள் கணவன் முகுந்தனிடம் கொடுத்தார்கள். அவள் பேசிப் பதிந்து வைத்த குரல் முழுவதும் அதில்தான் இருந்தது. நனைந்த போனை அரிசிக்குள் போட்டால் பிழைத்துவிடும் என்று அவள் சொல்லும்போதெல்லாம், எலக்ட்ரானிக்ஸ் படித்த அவன் சிரித்திருக்கிறான். கழற்றித்தான் துடைக்க வேண்டும். ஆனால் இன்று எடுத்த ஸ்குரூ டிரைவரைத் திரும்ப வைத்துவிட்டான். பச்சரிசி டப்பாவில் போனைப் புதைத்து மூடி வைத்தான்.

வாய்க்கரிசிக்கு அரிசி அள்ள வந்த அவன் அக்கா வடிவின் விரலில் அது தட்டுப்பட்டது.

“என்னடா இது?”

“செவ்வந்தி போன்க்கா. ஈரம் போகணும். அசைக்காத.”

“பொண்டாட்டி நடுவீட்டுல கிடக்கா, தொரை போனைக் காயப்போடுறாரு,” என்றார் அவர்களின் தாய்மாமா, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா, போன் வெளியே தெரிந்துவிடாதபடி ஓரத்திலிருந்து மெல்ல அள்ளினாள்.

“அவ பேசுனதெல்லாம் திரும்பி வருமாடா?”

“அவசரப்பட்டு ஆன் பண்ணக் கூடாதுக்கா. பொறுமையா இருந்தா வரும்.”

சுடுகாட்டில் அவன் முறை வந்தது. குளிப்பாட்டிய கூந்தல் இன்னும் காயவில்லை. மூன்று பிடி அரிசியை அவள் வாயில் போட்டான். போட்டவன் அங்கேயே நின்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

“போட்டாச்சுல்ல, தள்ளி நில்லுப்பா,” என்றார் மாமா.

“கொஞ்சம் பொறுங்க மாமா,” என்றான் முகுந்தன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.