பொய்ப் போட்டிக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்

"எங்க ஊர்ப் புனிதர் மேல ஆணை. நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது!" என்றார் நெவியோ, வலது கையை உயர்த்தி.

கூட்டம் கைதட்டியது. இத்தாலியில், மோதெனா நகரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பொய்ப் போட்டியில் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். விதி ஒன்றுதான்: உண்மை பேசினால் வெளியே. சிறந்த பொய்க்கு, உப்பிட்டுப் பக்குவமாக உலர்த்திய முழுப் பன்றித்தொடை பரிசு.

நெவியோவின் மலையூர் அதை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வெறுங்கையோடு திரும்பினால் சீட்டாட்ட மேசைப் பக்கமே வரக்கூடாது என்று ஊரே சொல்லி அனுப்பியிருந்தது.

அவருக்கு முன்னால் பேசியவர், டிராக்டர் சீட்டில் அடைகாத்த தன் கோழி மூன்று குட்டி டிராக்டர்களைப் பொரித்ததாகவும், அதில் ஒன்று சேவல் என்றும் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். அதை மிஞ்ச வேண்டும்.

"என்கிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. இரட்டை கிளட்ச். போன ஞாயித்துக்கிழமை அதுல லாஞ்ச் கன்ட்ரோல் போட்டு, நின்ன இடத்துலேர்ந்து முழு வேகத்துல பாய்ஞ்சேன்."

நடுவர் ஓர்னெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் கம்பெனியில் கியர் பாக்ஸ்களைச் சோதிக்கிறவர். அவரிடம் இந்த விஷயத்தில் யாரும் வாலாட்ட முடியாது.

"எங்க பாய்ஞ்சீங்க? நடுரோட்டுலயா?"

"ஐயோ, இல்லம்மா. பந்தயத் தடத்துல. முன்னால ஆளில்ல, பக்கத்துல வண்டியில்ல. தரையும் காய்ஞ்சு கிடந்துச்சு."

"ஸ்டார்ட் பண்ணின உடனேயா?"

"அதெப்படி? இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், டயர் எல்லாம் சூடேறணுமே. சும்மா நாலு சுத்து உருட்டினேன்."

"இந்த ஆளு பொய் சொல்றாரா, டிரைவிங் ஸ்கூல் நடத்துறாரா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். இன்னொரு நடுவரான பாதிரியார் கலிஸ்தோ அவரைக் கையமர்த்தினார்.

"ஸ்டீயரிங்?" என்றார் ஓர்னெல்லா.

"நேரா வெச்சேன். இடது காலால பிரேக்கை நல்லா அழுத்திக்கிட்டு, வலது காலால ஆக்சிலேட்டரை ஒரே மிதி. வண்டி உறுமிக்கிட்டே நின்னுச்சு. ரொம்ப நேரம் அப்படியே புடிச்சிருந்தா கிளட்ச் வெந்துபோயிடும். அதனால சட்டுன்னு பிரேக்கை விட்டேன்."

பாதிரியார் ஆசையோடு முன்னால் சாய்ந்தார். "பறந்துச்சா? நிலாவைத் தொட்டுச்சா?"

"இல்லீங்க சாமி. நேரா போச்சு. வேகத்தைக் குறைச்சு நிறுத்திட்டேன்."

"அடுத்த பாய்ச்சல்?" ஓர்னெல்லாவின் குரல் மெலிந்தது.

"போடலம்மா. கியர் பாக்ஸ் ஆறட்டும்னு விட்டுட்டேன்."

நடுவர்கள் இருவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள்.

"நெவியோ," என்றார் பாதிரியார், இழவு வீட்டுக் குரலில், "முப்பது வருஷமா பாவசங்கீர்த்தனம் கேக்குறேன். இவ்வளவு சுத்தமான உண்மையை நான் கேட்டதே இல்ல. நீங்க வெளிய."

"அத்தனையும் அச்சு அசல்," என்று பெருமூச்சு விட்டார் ஓர்னெல்லா. "செஞ்சு பார்த்தவரைத் தவிர வேற யாராலயும் இப்படிச் சொல்ல முடியாது."

பன்றித்தொடை கோழிக்காரர் தோளில் ஏறியது. நெவியோ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

ஓர்னெல்லா பின்னாலேயே ஓடிவந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. இவ்வளவு பொறுப்பா ஓட்டுற ஆம்பளையை நான் பார்த்ததே இல்ல. உங்க ஊர் வரைக்கும் என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அதுக்கென்னம்மா, தாராளமா ஏறிக்குங்க," என்று மரத்தில் கட்டியிருந்த கழுதையை அவிழ்த்தார் நெவியோ. அவருடைய ஊருக்கு இன்னும் சாலையே கிடையாது.