கலங்கரை விளக்கத்துச் சாவி

கணினியில் ஒரு பழைய கதை விளையாட்டை முடித்து இன்றைக்குள் விமர்சனம் அனுப்பாவிட்டால் மருமகளுக்குப் பத்திரிகை வேலை போய்விடும். அவளோ விளையாட்டில் வரும் கலங்கரை விளக்கத்து வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். காவல்காரன் சாவியைத் தர மறுத்தான்.

பழைய விளையாட்டுப் பிரியர்களின் இணையக் குழுவில் ‘கப்பல்காரன்’ என்ற பெயரில் எழுதுபவர் ஒருவர்தான் அவளுக்குக் கைகொடுப்பவர். முகம் தெரியாத மனிதர்.

“கத்தியக் காட்டிட்டேன், அசைய மாட்டேங்கிறாண்ணா,” என்று போனில் தட்டினாள்.

“மிரட்டினா தருவானா? நல்லவிதமா பேச்சுக் கொடும்மா.”

பக்கத்து அறையில் மாமியாரின் டி.வி. அலறியது.

“சத்தத்தக் குறைங்க! வேலை பார்க்கிறேன்!”

“பொம்மைய வச்சு விளையாடுறது ஒரு வேலையா?” என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். டி.வி. இன்னும் அலறியது.

“என் மாமியார் ஒரு பிசாசுண்ணா,” என்று தட்டினாள்.

“சில ஜென்மங்க அப்படித்தாம்மா. எங்கிட்ட அனுப்பு, ஒரு கை பார்க்கிறேன்.”

அவளுக்கு மனம் குளிர்ந்தது. “காவல்காரன்கிட்ட என்ன பேசணும்ணா?”

பதில் வருவதற்குள் டி.வி. காதைப் பிளந்தது. பொறுமையிழந்தவள் போனும் கையுமாகப் போய் மாமியாரின் கதவை இடித்தாள்.

“திறங்க! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்!”

கதவு திறக்கவில்லை. கையிலிருந்த போன்தான் மின்னியது.

“கொஞ்சம் இரும்மா. என் மருமக ராட்சசி கதவ உடைக்கிறா.”

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. சிறிது நேரத்தில் போன் மறுபடியும் மின்னியது.

“போயிட்டா சனியன். எங்க விட்டோம்?”